சொட்டு பொறுக்காத தர்மலிங்கம்

காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டிப்பார்க்கும் நிரவி கிராமத்தில் பிறந்த தர்மலிங்கத்துக்குக் குழாய் சொட்டினால் மனசு தாங்காது. ஆலையில் வேலைக்குச் சேர்ந்தும் அந்தக் குணம் போகவில்லை.

ஒருநாள், சூடான எண்ணெயைத் தண்ணீரால் ஆற்றும் கருவியில் தண்ணீர்ப் பக்கத்து வால்வு இரண்டையும் மூடி, வடிகுழாயை மட்டும் லேசாகத் திறந்து வைத்திருந்தார்கள். அது சொட்டிக்கொண்டே இருந்தது. மனுஷன் பொறுப்பாரா? இறுக்கி மூடிவிட்டார்.

மறுபக்கம் எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. அடைபட்ட தண்ணீர் சூடேறி, விரிய இடமில்லாமல் கேஸ்கட்டைப் பிய்த்துக்கொண்டு அவரைக் குளிப்பாட்டியது. நல்லவேளை, வெதுவெதுப்புதான்.

"தண்ணி சூடானா விரியும்ங்க! அதுக்கு வழி விடத்தான் சொட்ட விட்டிருந்தோம்" என்றார் இன்ஜினீயர் பிரதீபா.

இப்போதெல்லாம் அந்த வால்வுகளை மூடினால் தர்மலிங்கமே வடிகுழாயைத் திறந்து, அடியில் வாளி வைக்கிறார். நேற்று பிரதீபாவிடம் நாலு கத்தரிக்காயை நீட்டினார்.

"அந்த வாளித் தண்ணிய ஊத்தின செடியில காய்ச்சதுங்க. ஒரு சொட்டுகூட வீணாக்கலை."