மாப்பிள்ளை பெயர் வேண்டாம் என்றவர்

1. தோழி நிவேதாவின் கல்யாணப் பரிசுக்காக, தலையணை உறையில் அவள் பெயரைத் தைத்து முடித்தேன்.
2. கோவை போகும் பேருந்தில், பென்சிலால் எழுதி வைத்திருந்த மாப்பிள்ளை பெயரைத் தொடங்கினேன்.
3. பக்கத்து சீட்டு அம்மாள் இரண்டு பெயர்களையும் வாய்விட்டுப் படித்து, என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஐம்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட சேலை. டிக்கெட்டைச் சுருட்டி மோதிரத்துக்குள் செருகியிருந்தார். பேசுமுன் அதை உருவி, மறுபடி செருகுவார்.

"கார்த்திகேயன்னா, சத்தியமங்கலத்துப் பையன்தானுங்களே?"

நான் ஊரைச் சொல்லவே இல்லை. "உங்களுக்கு அவரைத் தெரியுங்களா?"

"அந்தப் பேரு இப்ப வேண்டாங் கண்ணு. சிநேகிதி பேரோட நிறுத்திக்கோங்க."

"காரணம் சொல்லுங்க. இல்லாட்டி தைச்சுப்போடுவேன்."

"தையுங்க. அப்புறம் பிரிக்கறப்பத் துணி கிழிஞ்சுபோகுமுங்க," என்று சிரித்துவிட்டு அன்னூரில் இறங்கிக்கொண்டார்.

அவனுக்குப் பெண் கொடுக்க நினைத்து ஏமாந்தவரா, இல்லை எதையோ நேரில் பார்த்தவரா? அந்தச் சிரிப்பை இரண்டுக்கும் பொருத்திப் பார்த்தேன். இரண்டுக்கும் பொருந்தியது.

அன்றே நிவேதாவிடம் சொன்னேன். "ஏன்டி, பஸ்ஸுல எவங்களோ சொன்னாங்கன்னு கல்யாணத்தை நிறுத்தோணுமா?" என்று கோபித்துக்கொண்டாள்.

கல்யாணம் வரும் ஞாயிற்றுக்கிழமை. நிவேதா என்னோடு பேசுவதில்லை. உறையில் அவள் பெயர் மட்டும்தான் இருக்கிறது.