தவறைச் சொல்ல மழையில் வந்த டாக்டர்

2007ஆம் வருட மழைக்காலம். செகந்திராபாத் மாரெட்பள்ளியில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். என் இரண்டு வயது மகளுக்கும் அன்று காலை உடம்பு கொதித்தது. என் கணவர் மாதாப்பூர் ஆபீஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த டாக்டரிடம் ஓடினேன்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். ஒற்றை அறை கிளினிக். உதவிக்கு யாரும் இல்லை. வாசல் வரை கூட்டம். என் டோக்கன் நாற்பத்தேழு. குழந்தையைக் காட்டி, சண்டை போட்டு முன்னால் போய்விட்டேன்.

அதோடு விட்டேனா? அவர் மருந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே என் முதுகுவலியைச் சொன்னேன். பிறகு, என் கணவருக்கு ராத்திரி ஷிஃப்ட்டில் வந்த நெஞ்செரிச்சலையும் சொன்னேன். குழந்தையின் எடையை அவர் இரண்டு முறை கேட்டார். நடுவில் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். ‘சீக்கிரம் எழுதித் தரக்கூடாதா’ என்றுதான் எனக்குத் தோன்றியது.

மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குழந்தை தோளிலேயே தூங்கிவிட்டாள். எழுப்ப மனமில்லாமல் படுக்கவைத்தேன். அரை மணி நேரம் கழித்து அவள் சிணுங்கியதும் பாட்டிலைத் திறந்தேன். அது சொட்டு மருந்து. ஆனால் சீட்டில் ஐந்து எம்.எல். என்று இருந்ததால், பழைய டானிக் மூடியில் அளந்து ஊற்றினேன். குழந்தையை மடியில் போட்டபோது காலிங்பெல் விடாமல் அடித்தது.

கதவைத் திறந்தால் டாக்டர். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப். காலில் செருப்பில்லை.

“மருந்து குடுத்துட்டியாமா?”

“இப்பத்தான் மேடம், குடுக்கப் போறேன்...”

“நக்கோ! வேண்டாம்மா, குடுக்காதே!”

என் கையிலிருந்த மூடியைப் பிடுங்கினார். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

“சொட்டு மருந்துன்னு எழுதிட்டு சிரப்போட அளவைப் போட்டுட்டேன். சொட்டு மருந்து காட்டமானது, நாலு மடங்கு ஜாஸ்தியாயிடும். ரெண்டு நாள் இதே மாதிரி குடுத்திருந்தா குழந்தையோட ஈரல் தாங்காது.”

குழந்தையை வாரி அணைத்துக்கொண்டேன். அவரோ நிறுத்தவில்லை.

“தப்பு என்னோடது. நீ யார்கிட்ட வேணா சொல்லு. நான் எழுதலைன்னு சொல்ல மாட்டேன்.”

அடுத்து வந்த ஒரு குழந்தைக்கு அதே மருந்தை எழுதும்போதுதான் அவருக்குச் சுருக்கென்றதாம். கிளினிக் நோட்டில் இருந்தது என் கணவரின் நம்பர். அவர் மீட்டிங்கில் இருந்ததால் எடுக்கவில்லை. தெருப் பெயர் மட்டும்தான் தெரியும். மூன்று அபார்ட்மென்ட் ஏறி இறங்கி, காய்ச்சல்காரக் குழந்தை எந்த வீட்டில் என்று கதவு கதவாகக் கேட்டு வந்திருக்கிறார்.

காபி கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். “இருபது நாளா ஒருநாள் லீவு இல்லைமா. மூளை மரத்துப்போச்சு. அது எனக்கே தெரிஞ்சது. தெரிஞ்சும் உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தேன் பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியலை” என்றார். சரியான அளவை எழுதி, ஒருமுறைக்கு மூன்று முறை படித்துப் பார்த்துக் கொடுத்தார்.

அவரைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. குழந்தையோடு கிளினிக் வரை போனேன். கூட்டம் குறையவே இல்லை. டாக்டர் படியில் நின்று தெலுங்கிலும் ஹிந்தியிலும் பேசினார். ஒரு குழந்தைக்குத் தப்பாக எழுதிவிட்டேன், இனி இன்று யாரையும் பார்க்கும் நிலையில் நான் இல்லை, பக்கத்துத் தெரு டாக்டரிடம் சொல்கிறேன், அங்கே போங்கள் என்றார். காலையில் சீட்டு வாங்கியவர்கள் இருந்தால் திரும்பக் காட்டச் சொன்னார்.

கூச்சல் போடப் போகிறார்கள் என்று பயந்தேன். ஆனால் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்த ஒரு வயதான முஸ்லிம் அம்மாள் மெல்ல எழுந்து வந்து டாக்டரின் கன்னத்தைத் தொட்டு, “ஜாவ் பேட்டி, ஸோ ஜாவ்” என்றார். போய்த் தூங்கு மகளே என்று அர்த்தம். கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. டாக்டர் அழுததை அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் கிளினிக் திறந்தது. ஒரு நாளைக்கு நாற்பது பேர்தான், ஞாயிறு விடுமுறை என்று போர்டு தொங்கியது. சிலர் முணுமுணுத்துவிட்டு வேறு இடம் போனார்கள். நாங்கள் அந்த ஊரை விட்டு வரும்வரை அவரிடமே போனோம்.

அவர் வராமலே இருந்திருந்தால், என் குழந்தைக்கு என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று எவருக்கும் தெரிந்திருக்காது. மறைத்துவிடக்கூடிய ஒரு தவறைச் சொல்வதற்காகவே மழையில் வெறுங்காலோடு ஓடி வந்த அந்தப் பெண்மணியை நினைக்கும்போதெல்லாம், அவர் களைப்பில் எனக்கும் ஒரு பங்கு இருந்ததே என்ற வெட்கத்தையும் மீறி, மனிதர்களால் இவ்வளவு உயரமாக நிற்க முடியுமா என்ற பிரமிப்பே மேலோங்குகிறது.