ஓடியோவுக்குக் கொழும்பில் என்ன வேலை?

அது சண்டைக் காலம். கொழும்புக்கு மகனை அனுப்புவதென்றால் கனடாவில் இருந்த மாப்பிள்ளையின் தாயாருக்கு நெஞ்சு இடிக்கும். ஆகவே என் மச்சாளை, அதாவது மனைவியின் தங்கையைப் பெண்பார்க்க, மாப்பிள்ளை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கணினிக்குள் வருவதாக ஏற்பாடு. ஞாயிறு காலை, நல்ல நேரத்தில்.

எங்கள் கணினிக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் தெரியாது. அதைப் போட்டுவிட்டுக் குளித்து, சாமி கும்பிட்டு, சாப்பிட்டு வந்தாலும் அது யோசித்துக்கொண்டே இருக்கும்.

"மாப்பிள்ளையின்ட முகம் வந்து முடியிறதுக்குள்ள அவருக்குத் தலை நரைச்சிடும்" என்றாள் மனைவி.

இதைக் கேட்டு ஒரு ஆண்மகன் சும்மா இருப்பானா? சனிக்கிழமை காலை கணினியின் அமைப்புகளுக்குள் இறங்கினேன். நிழல் விழுத்துவது, வழுக்கிக்கொண்டு திறப்பது போன்ற ஆடம்பரங்களை நிறுத்தினேன். கொஞ்சம் வேகம் வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ருசி பிடித்துவிட்டது.

இன்னும் தோண்டியபோது, திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த வேலைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன, சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கிய சனம் போல. அந்த வரிசை எனக்குப் பழக்கம். ஆர் நீ, எங்கேயிருந்து வந்தாய், கொழும்பில் என்ன வேலை என்று காலி வீதிச் சாவடிகளில் என்னைக் கேட்காத ஆமிக்காரன் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, விசாரிக்கிறவன் குந்தும் கதிரை என் பக்கம். விடுவேனா?

பெயர் விளங்காதவனை நிறுத்தினேன். நீளமான பெயர்க்காரனையும் நிறுத்தினேன். Audio, அதாவது ஓடியோ, என்று ஒருவன் நின்றான். பாட்டுக் கேட்க வீட்டில் றேடியோ இருக்கிறது, உனக்கு இங்கே என்ன வேலை? அவனும் உள்ளே.

கணினி பறந்தது. நான் அன்று முழுவதும் வீட்டுக்குள் சார்ஜன்ட் நடை நடந்தேன்.

ஞாயிறு வந்தது. மச்சாள் சேலையில், குத்துவிளக்கு எரிய, திரையில் மாப்பிள்ளையும் தாயாரும் பளிச்சென்று வந்தார்கள். வாயை அசைத்தார்கள். நாங்களும் அசைத்தோம். மீன் தொட்டிக்கு இந்தப் பக்கமும் மீன், அந்தப் பக்கமும் மீன்.

"இஞ்சேருங்கோ, சத்தம் வரேல்லை."

"அது அவையின்ட பக்கத்துப் பிழை."

"நேற்று என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. வேகப்படுத்தினனான்."

மச்சாளுக்கு முதல் வந்த சம்பந்தம் சாதகத்தில் குழம்பியது. இது என் கையால் குழம்பினால் மாமியார் வீட்டில் எனக்கு இனிப் பச்சைத் தண்ணீரும் கிடையாது. பயம் வந்தால் என் மூளை முழங்காலுக்கு இறங்கிவிடும். ஆகவே முழங்காலால் மேசைக்குக் கீழே ஊர்ந்து, கண்ட வயரை எல்லாம் பிடுங்கிச் செருகினேன். பிள்ளையாருக்கு நேர்ந்த தேங்காய்கள் ஒரு லொறி வரும். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் பின்பக்கம் கமராவுக்கு நேரே நின்றது எனக்கு எப்படித் தெரியும்?

மனைவியின் கைத்தொலைபேசி அடித்தது. மாப்பிள்ளை! மச்சாளிடம் கொடுக்கச் சொன்னாராம்.

"அத்தான்," மச்சாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, "நீங்கள் கீழ ஆரைத் தேடுறீங்களெண்டு கேக்கிறார்."

மேசையில் தலையை இடித்துக்கொண்டு எழும்பினேன். மாப்பிள்ளைக்குக் கணினிதான் தொழில். அவர் அங்கிருந்து சொல்லச் சொல்ல, மச்சாள் இங்கே பொத்தான்களை அமத்தினாள்.

"ஓம், நிப்பாட்டிக் கிடக்கு... ஐயோ, ஒண்டில்லை, ஒரு கூட்டத்தையே பிடிச்சு வச்சிருக்கிறார்... பேர் பிடிக்காட்டில் பிடிக்கிறதாம்... இல்லை, வீட்டில சாதுதான்."

என்ன படித்தீர்கள், சமைப்பீர்களா என்ற கதையே எழவில்லை. என் கைதிகளை ஒவ்வொருவராக விடுவிக்கிற சாட்டில் இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். கடைசியாக ஓடியோ வெளியே வந்தான்.

சத்தம் வந்தது கனடாவில் தாயாருக்குத் தெரியாது. அவர் மகனுக்குச் சொன்னது ஸ்பீக்கரில் முழங்கியது:

"தம்பி, பெட்டை நல்ல பெட்டை. ஆனா மேசைக்குக் கீழ ஊர்ந்த அந்த மனுசனைப் பற்றி புரோக்கர் ஒண்டும் சொல்லேல்லையே. அது பரம்பரையில வாறதோ?"

மச்சாள் திரையை நோக்கிக் குனிந்தாள்.

"பயப்பிடாதேங்கோ மாமி, அவர் கலியாணம் கட்டி வந்தவர். எங்கட இரத்தம் இல்லை."