செம்பு நாட்டுக்காரர்

பிள்ளைகளே, நான் புலம்பெயர்ந்து வந்த, பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்டில் மின்கம்பி செய்யும் தொழிற்சாலையில் என்னோடு ஓர் ஆபிரிக்கர் வேலை செய்தார். நெடிய மனிதர், முன்பல் ஒன்று இல்லை. மாதாமாதம் வேறொரு மெஷினுக்குத் தன்னை மாற்றிவிடச் சொல்லிக் கேட்பார். எல்லா மெஷினும் அவருக்கு வசப்பட்டது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"சூப்பர்வைசராகப் போறீரோ?" அரைகுறைப் பிரெஞ்சில் ஒருநாள் குத்தலாகக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "இல்லையப்பா. எங்கட மண் முழுக்கச் செம்பு. அதைக் கல்லாய் வித்துப்போட்டுக் கம்பியாய் வாங்கிறம். சனம் பட்டினி. அங்கேயே செம்பைக் கம்பியாய் இழுத்தால் பெடியளுக்கு வேலை கிடைக்கும். அதுக்குத்தான் பழகிறன். நீர் எட்டு வருசமாய் இந்த வேலையை ஆருக்காகப் பழகினீர்?"

நான் என் மெஷினுக்குத் திரும்பிப் போனேன்.

அடுத்த கோடையில் அவர் ஊருக்குப் போய்விட்டார். அங்கே கம்பி இழுத்தாரோ தெரியாது. முன்பு அவருடைய கைத்திறமையில் பொறாமைப்பட்டேன். இப்போது, அவருக்கு வேலைக்கு வர அப்படியொரு காரணம் இருந்ததே, அதில் பொறாமைப்படுகிறேன்.