பம்பாய்க்குப் போக நான் வற்ற வைத்த பால்

பால் சுரந்துகொண்டிருக்கும்போதே "எனக்குப் பால் இல்லை" என்று சொன்னவள் தாயா?

ஆம், நான் பொய் சொன்னேன். ஒன்பது மாதக் குழந்தைக்குத் திருட்டுத்தனமாகப் பாலை மறக்கடித்தேன். எதற்காகத் தெரியுமா? பம்பாயில் ஓர் இத்தாலி ஓட்டலில், கணவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதற்காக!

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். கோச்சடையில் எங்கள் வீட்டில் ஆண்கள் முதலில் சாப்பிடுவார்கள். அவர் எழுந்தபின் அவருடைய இலையிலேயே நான் உட்காருவேன். பரிமாறுகிறவளுக்குக் குனிந்திருக்கும் தலைதானே தெரியும்? கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவர் சாப்பிடும் முகத்தை நான் பார்த்ததில்லை.

வங்கிப் பயிற்சிக்காக முன்பொருமுறை பம்பாய் போய்வந்தவர், அங்கே கண்டதை ஒருநாள் சொன்னார். "இத்தாலிக்காரன் ஓட்டல்ல புருசனும் பொண்டாட்டியும் எதுத்தாப்புல ஒக்காந்து, பேசிக்கிட்டே சாப்பிடுறாக. நேரமானாலும் எந்திரிக்க மாட்டேங்கிறாக!"

அவர் வேடிக்கையாகச் சொன்னதுதான். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுபடி பயிற்சி வந்தபோது, "நீயும் வாரியா?" என்று கேட்டார். மாமனார் மறுத்துவிட்டார். கைக்குழந்தையோடு இரண்டு நாள் ரயிலா? பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போக முடியுமா?

முடியும் என்று ஆக்கினேன் நான்.

மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். ஆரப்பாளையத்தில் பூ வாங்கிவந்து, ரவிக்கைக்குள் வைத்து இறுக்கிக் கட்டினேன். குழந்தை வாய் வைக்கும் இடத்தில் வேப்பிலையை அரைத்துத் தடவினேன். அவள் ஒரு வாய் சப்பிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்... அழவில்லை, பார்த்தாள்.

வீட்டில் என்ன சொன்னேன்? "பால் வத்திருச்சு."

என் கணவரின் அக்கா உடனே வந்துவிட்டார். டி. கல்லுப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவர், பிள்ளை இல்லாதவர். மதினி என்று கூப்பிடுவேன். என்மேல் வீசிய வாசத்தை அவர்தான் கண்டுபிடித்தார்.

"என்னத்தா, பம்பாய்க்குப் போறதுக்கு முன்னாடியே இம்புட்டு வாசமா வீசுது! தலையில ஒரு கண்ணி பூவக் காணோம், எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்!

மாமனாரும் பிறகு மறுக்கவில்லை; மதினி குழந்தையைக் கல்லுப்பட்டிக்குத் தூக்கிப் போனார். நாங்கள் ரயிலேறினோம்.

இதையும் மறைக்கக் கூடாது: அந்த முதல் மாலை என் வாழ்வின் நல்ல மாலை. இத்தாலி ஓட்டல் மேசையில் மெழுகுவர்த்தி எரிந்தது. "விளக்கு எரியுதுல்ல? இது எதுக்கு, கரண்டு போனா தயாரா இருக்கவா?" என்று அவர் காதோரம் கேட்டார். நீள நீளமாய் ஸ்பகெட்டி வந்தது. முள்கரண்டியிலிருந்து அது நழுவி நழுவி விழ, "கயிறு திரிக்கிற மாதிரி சுத்து புள்ள!" என்றார். தக்காளிச் சாறு அவர் மீசையில் ஒட்டியிருந்ததை நேருக்கு நேர் பார்த்தேன். எனக்குப் போதும் என்றதும், என் தட்டை இழுத்து, மிச்சத்தை அவர் சாப்பிட்டார். என் எச்சிலை! கண் கலங்கிவிட்டது. அந்த மகிழ்ச்சி பாவமா?

சில நாள் கழித்து வேறோர் இத்தாலி ஓட்டல். மக்ரோனியின் மேல் உருக்கிய சீஸின் புளித்த வாடை குமட்டியது. அதையாவது பொறுத்திருப்பேன். பக்கத்து மேசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

என் மார்பு நனைந்தது.

வற்றவில்லை... எதுவும் வற்றியிருக்கவில்லை! ரவிக்கையைத் தாண்டிச் சேலையும் ஈரமானது. முந்தானையை இழுத்துப் போர்த்தினேன்.

"என்ன, சூப்பக் கொட்டிட்டியா?" என்றார்.

"ஆமாங்க."

அங்கேயே சொல்லியிருக்கலாம். அவர் கோபித்தாலும் அடுத்த ரயிலைப் பிடித்திருப்போம். நான் கழிவறைக்குப் போய், கதவைச் சாத்தி, பாலைத் தொட்டியில் பீய்ச்சி, குழாயைத் திறந்துவிட்டேன். பிறகு திரும்பி வந்து சாப்பிட்டேன்.

ஊர் வந்ததும் கல்லுப்பட்டிக்கு ஓடினேன். என் மகள் மதினியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மதினிதான் குற்றவாளி போலத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ராவெல்லாம் ஒன்னயத் தேடி ஒரே அழுகத்தா. சங்குல பால் குடுத்தா துப்புறா. மனசு கேக்காம என் வெறும் மாரக் குடுத்தேன். அதச் சப்பிக்கிட்டேதான் தூங்குனா. தப்பா நெனச்சுக்காத."

என்னிடம் தூக்கி வந்தால் ஏங்கி, அவளுக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது. அதனால் பாதி நாள் அங்கேதான். இப்போது மூன்று வயது. மதினியை "அம்மா" என்கிறாள். என்னை "கோச்சடை அம்மா" என்கிறாள்.

நான் மறுபடி உண்டாகியிருக்கிறேன். போன மாதம் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஒனக்குத்தான் இன்னொன்னு வரப்போகுதே. இவள எனக்கே குடுத்துரு தாயி. பால் இல்லாமப் போனதுக்கு நீ என்ன பண்ணுவ? ஒன்னய யாரும் குத்தம் சொல்லல."

"அன்னைக்குப் பால் இல்லாம தவிச்ச புள்ளய அக்காதான காப்பாத்துச்சு? எனக்குச் சம்மதம். நீ என்ன சொல்ற?" என்கிறார் கணவர். ஆடி முடிந்ததும் முறைப்படி பிள்ளையை ஒப்படைக்க வேண்டும் என்று பேச்சு. நான் மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.

எந்த வாயால் தரமாட்டேன் என்பேன்? உண்மையைச் சொன்னால், "இப்படிப்பட்டவளிடம் பிள்ளை எதற்கு?" என்று அதையே காரணமாக்கி வாங்கிக்கொள்வார்களோ? சொல்லாமல் கொடுத்துவிட்டால், நாளை பிறக்கும் குழந்தைக்கு எந்த மனத்தோடு பால் கொடுப்பேன்? அவளுக்கு யார் வேண்டும் என்று அவளையே கேட்கலாமென்றால்... அந்தப் பதில் எனக்குத் தெரியும்.

படித்தவள்தான் நான். ஆனாலும் இதில் புத்தி வேலை செய்யவில்லை. நீங்களும் பிள்ளை பெற்றவர்களாக இருப்பீர்கள். நான் வாயைத் திறக்கவேண்டுமா, மகளைக் கொடுத்துவிட்டு மூடிக்கொள்ளவேண்டுமா? ஆடி முடிவதற்குள் யாராவது சொல்லுங்கள்.