வால்வு சூடாகும் முன்

அன்று தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் என் ரிப்பேர் கடையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், ஆரோக்கியமேரி அம்மா, அவர் மகள் ஸ்டெல்லா. மேஜையில் ஸ்பூல் டேப் ரெக்கார்டர்கள் இரண்டு. ஒன்று கண்ணாடி வால்வு வைத்த பழையது, ஒன்று டிரான்சிஸ்டர்.

ஸ்டெல்லா பிறப்பதற்கு முன்பே சுரங்கத்தில் இறந்துபோன அப்பாவின் குரல் அவர்கள் கொண்டுவந்த டேப்பில் இருந்தது. வீட்டில் மெஷின் இல்லாததால் அதை அவர்கள் போட்டுக் கேட்டதே இல்லை. பாடுவதற்கு முன், "பொண்ணு பொறந்தா ஸ்டெல்லான்னு பேரு வெக்கணும்" என்று அவர் பேசியதாகச் சொல்லிச் சொல்லியே அம்மா மகளை வளர்த்திருக்கிறார்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பழைய டேப்பை இரண்டு விரலால்தான் தொடுவேன். அறுந்தால் என்ன பதில் சொல்வது? வால்வு மெஷினின் சூட்டுக்குப் பயந்து டிரான்சிஸ்டரில் போட்டேன்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஒரு கீர்த்தனை, பாதி அடியிலிருந்து, மெல்ல மெல்லச் சத்தம் கூடி வந்தது. பேச்சே இல்லை.

"என் பேரு எங்கம்மா?"

"சொன்னாருடி. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"இத்தினி வருசமா என்னை நல்லா ஏமாத்திக்கீற."

அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் டேப்பில் பாட்டு அப்படி மெல்ல ஏறி வந்தது எனக்கு உறுத்தியது.

"எதுலம்மா ரெக்கார்ட் பண்ணாரு?"

"கிளப்புலேர்ந்து கொண்டாந்த வால்வு பொட்டிப்பா."

"சூடாவ வுட்டாரா?"

"எங்க வுட்டாருப்பா? ஷிப்டுக்கு சங்கு ஊதிட்டான். சுரங்கத்துக்குள்ள போற கேஜ் எறங்கிடும்னு, சுவிட்ச் போட்ட கையோட பேசி, ஒரு பாட்டு பாடிட்டு ஓடினாரு."

புது டேப் ஒன்றை வால்வு மெஷினில் மாட்டினேன். இந்த நேரம் பார்த்து மெஷின் படுத்துவிட்டால்? பியூஸைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். "சுவிட்ச் போட்டதும் உன் பேரைச் சொல்லும்மா. நிறுத்தாம பேசிக்கினே இரு."

ஸ்டெல்லா பேசினாள். ரீல் சுற்றியது. பின்னால் சுற்றிப் போட்டுக் கேட்டோம். இரைச்சல்தான். கடைசியில், "போதுமாண்ணா?" என்பது மட்டும் ஏறி வந்தது. மோட்டார் உடனே ஓடும். வால்வு சூடாகும்வரை டேப்பில் எதுவும் பதியாது. டிரான்சிஸ்டரிலும் பேச வைத்தேன். "ஸ்டெல்லா" என்ற முதல் சொல்லே கணீரென்று கேட்டது.

இரண்டில் எது உசத்தி என்று வேலை பழக வருகிறவர்கள் கேட்பார்கள். வால்வில் குரல் கனமாக விழும். டிரான்சிஸ்டர் காக்க வைக்காது. அதைவிட முக்கியமாக ஒன்று சொல்வேன்: டேப்பில் இல்லை என்பதால் யாரும் பேசவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எந்த மெஷினில், எந்த அவசரத்தில் பதிந்தது என்று முதலில் கேளுங்கள்.

ஸ்டெல்லா ஸ்டூலை அம்மா பக்கம் இழுத்துப் போட்டாள்.

"எப்பிடிம்மா சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

அம்மா தொண்டையைச் செருமினார். நான் இரண்டு மெஷின்களையும் அணைத்தேன்.