காற்றுக்கு ஒரு பிரேக்

வானிலை அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சூறாவளி'. பத்து நாட்களுக்கு முன் அவள் போட்ட காற்று வரைபடம் வாங்கிக் கொடுத்தது அது. நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் மணிக்கு அறுநூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவதாக அவளுடைய கணக்கு சொன்னது. அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

"எல்லாரும் கூரையைப் பிடிச்சுக்கோங்கப்பா, சூறாவளி வருது!" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். ஆறு மாதத் தற்காலிக வேலை திங்கட்கிழமையோடு முடிகிறது. அன்று சரியான வரைபடத்தைக் காட்டினால்தான் நீட்டிப்பு என்று தலைமை அதிகாரி சொல்லியிருந்தார்.

அவள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள்தான். அச்சில் இருக்கும் சமன்பாட்டைச் சந்தேகப்பட மனம் வராது. காற்றை அழுத்தம் தள்ளும், பூமியின் சுழற்சி திருப்பும், இரண்டும் சமமாகிவிடும். உராய்வு சிறியது, விட்டுவிடலாம் என்றது புத்தகம். விட்டுவிட்டாள். தப்பு தன் மேல்தான் இருக்கும் என்று பத்து நாளும் கூட்டலையே சரிபார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பேருந்து ஓட்டும் அம்மா காலை ஷிப்ட் முடித்துச் சீருடையோடு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

"அறுநூறா? ஏண்டி, இது காத்தா, பிரேக் இல்லாத வண்டியா?"

"நீ வேற எரிச்சலைக் கிளப்பாதேம்மா."

"சரி தாயே, நான் வாயே திறக்கல. கை கழுவிட்டு வர்றதுக்குள்ள மேசையைக் காலி பண்ணு. பசி உயிர் போகுது."

மேசை காலியாகவில்லை. பிரேக்கை எடுத்துப் போட்டதே தான்தானே என்று அவளுக்கு உறைத்தது. புத்தகத்தைப் புரட்டினாள். எடுத்துக்காட்டுகள் எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு வெகு தொலைவில் இருக்கும் குளிர்நாட்டுக் காற்று. அங்கே திருப்பும் விசை பலமானது. நடுக்கோட்டருகே அது கிட்டத்தட்ட பூஜ்யம். அதைக் கொண்டுதான் அவள் இத்தனை நாளும் வகுத்துக்கொண்டிருந்தாள்; விடை எகிறாமல் என்ன செய்யும்? இங்கே காற்றை இழுத்துப் பிடிப்பது கடல்பரப்பின் உராய்வு. அதைச் சமன்பாட்டில் திரும்பச் சேர்த்தாள். அறுநூறு, இருபத்திரண்டாக இறங்கியது.

திங்களன்று தலைமை அதிகாரி, அவளுடைய புது வரைபடத்தைத் தீவு நிலையங்களில் அளந்த காற்றோடு ஒப்பிட்டார். பன்னிரண்டில் ஒன்பது பொருந்தியது.

"மூணு இடம் உதைக்குதேம்மா."

"ஆமா சார். அது ஏன்னு இன்னும் தெரியல."

"தெரிஞ்சுக்க எத்தனை நாளாகும்?"

"ரெண்டு மாசமாவது வேணும் சார்."

"ஆறு மாசமா எழுதிக்கிறேன். போய்ப் பாரு."

வெளியே வந்தவளைப் பக்கத்து மேசைக்காரர் மறித்தார். "என்ன, சூறாவளி கரையைக் கடந்துடுச்சா?"

"இல்ல சார். இங்கேயே நிலைகொண்டிருக்கு."